எறையூர் இட்லிக் கடையின் இரும்பு வியாபாரம்

பெரம்பலூரில் கணக்கு எழுதுகிற எல்லாரையும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஆடிட்டர் இல்லை. பி.காம். படித்தேன். அரியலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். பிறகு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடையின் மாடியில் சொந்தமாக ஆபீஸ் போட்டேன். உரக்கடைக்காரர்கள், வெங்காய மண்டிக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், வெளிநாட்டில் சம்பாதிப்பவர்களின் வீட்டார் என்று எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். வரிப் படிவம் போட்டுக் கொடுப்பேன், ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பேன், நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவேன்.

ஒரு நாள் மத்தியானம் எறையூரிலிருந்து ஒரு பெண் வந்தார். சர்க்கரை ஆலைக்குப் போகிற ரோட்டில் இட்லிக் கடை வைத்திருப்பவர். கரும்பு வெட்டும் பருவத்தில் டிராக்டர்காரர்கள் விடியும் முன்பே வந்து நிற்பார்கள், மற்ற மாதங்களில் வியாபாரம் சுமார்தான் என்று அவரே சொன்னார். கையில் மஞ்சள் பை. அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பான் கார்டு எல்லாம் ஒரே ரப்பர் பேண்டில்.

"மேடம், மாசம் ஆயிரம் ரூவா வந்துக்கிட்டு இருந்துச்சுங்க, பொம்பளைங்களுக்குக் குடுக்கறது. அஞ்சு மாசம் வந்துச்சு. அப்பறம் நின்னுபோச்சு. தாலுகா ஆபீஸ்ல கேட்டா, ஒன் பேர்ல கம்பெனி இருக்கு, நீ ஜிஎஸ்டி கட்டற ஆளு, ஒனக்கெல்லாம் குடுக்க முடியாதுங்கறாங்க."

"கம்பெனியா?"

"அதான் எனக்கும் தெரியல. எந்தக் கம்பெனின்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

ஏதோ தவறான எண் பதிந்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அவர் பான் எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுத் தேடினேன். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய தேடல்தான் அது, காசும் கிடையாது. இரண்டு நிமிடத்தில் வந்து நின்றது. ஒரு அம்மன் பெயரில் டிரேடர்ஸ். தொழில், பழைய இரும்பு வாங்கி விற்பது. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்கு மேல். முகவரி அரியலூர். உரிமையாளர் என்ற இடத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்த இட்லிக் கடைக்காரரின் பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு.

நான் படித்துக் காட்டியதும் அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நெசமாவா மேடம்? அந்தக் கடை எங்க இருக்கு? போய்ப் பாக்கலாமா?"

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏழைகளின் ஆதாரையும் பானையும் வாங்கி, அவர்கள் பெயரில் ஜிஎஸ்டி பதிவு எடுத்து, ஒரு பொருளும் வாங்காமல் விற்காமல் வெறும் பில் மட்டும் போடுவார்கள். அந்த பில்லைக் காசு கொடுத்து வாங்குகிற பெரிய வியாபாரி, நான் ஏற்கெனவே வரி கட்டிவிட்டேன் என்று அதைக் காட்டித் தன் வரியைக் குறைத்துக்கொள்வான். பில் போட்ட கம்பெனி வரியே கட்டியிருக்காது. கேள்வி வரும்போது பெயரில் இருப்பவர் மாட்டுவார். எங்கள் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். வேறு ஊரில் நடக்கிற விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்க ஆதாரை யாருக்காவது குடுத்தீங்களா?"

மஞ்சள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். கிரைண்டர் வாங்க லோன் தருவதாக ஒருவன் பைக்கில் வந்திருக்கிறான். ஆதார், பான், போட்டோ, கரண்ட் பில் எல்லாம் ஜெராக்ஸ் வாங்கிப் போயிருக்கிறான். மறுநாள் போன் செய்து, ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்கள் என்றிருக்கிறான். இவர் சொல்லியிருக்கிறார். லோன் வரவே இல்லை.

"அப்பவே எனக்குச் சந்தேகந்தாங்க. போன்ல இங்கிலீஷ்ல மெசேஜா வந்துக்கிட்டே இருந்துச்சு. அதைக் காட்டத்தான் ஒங்ககிட்ட வந்தேன்."

"எங்கிட்டயா?"

"ஆமாங்க. இதே எடத்துலதான். ஒரே கூட்டமா இருந்துச்சு. நீங்க பாத்துட்டு, இதெல்லாம் வெளம்பரம், அழிச்சிடுங்கன்னீங்க. அழிச்சிட்டேன்."

எனக்கு அவரை நினைவே இல்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை. ஜூலைக் கடைசி வாரமாக இருந்திருக்கும். வருமான வரிப் படிவத்துக்குக் கடைசி நாள் நெருங்கும்போது படிக்கட்டு வரைக்கும் ஆட்கள் நிற்பார்கள். நான் தலையை நிமிர்த்தாமல் கையை நீட்டி போனை வாங்கியிருப்பேன், ஒரு வரி கூடப் படித்திருக்க மாட்டேன், திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று அந்த ஜிஎஸ்டி பதிவு மெசேஜை ஒரு நிமிடம் படித்திருந்தால் முதல் பில் போடுவதற்கு முன்பே நிறுத்தியிருக்கலாம். அவர் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து இரண்டு பேரும் அரியலூருக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் சிமெண்ட் ஆலை லாரிகள். அந்த முகவரியில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. அதன் பின்னால் தகரக் கொட்டகை, துருப்பிடித்த பூட்டு. பஞ்சர் கடைக்காரர், "இங்க எவனும் வந்து நான் பாத்ததில்லைங்க. உள்ள பழைய டயர்தான் கெடக்கு" என்றார். கொட்டகை வேறு யாருக்கோ சொந்தம், அவர் சென்னையில் இருக்கிறார் என்றார்.

இட்லிக் கடைக்காரர் தகர இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க போலாம்" என்றார்.

அங்கிருந்து வரி அலுவலகம் போனோம். அதிகாரி கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, அவரை உட்காரக்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"ஏம்மா, நாலு நோட்டீஸ் அனுப்பியிருக்கோம். பதிலே இல்ல. முப்பத்தோரு லட்சம் வரி. அதுக்கு வட்டி, அதே அளவு அபராதம். என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"

நோட்டீஸ் எல்லாம் பதிவில் கொடுத்த இமெயிலுக்குப் போயிருக்கிறது. அந்த இமெயில் இவருடையது இல்லை. இவரிடம் இமெயிலே இல்லை.

"சார், இவங்க இட்லி சுட்டு விக்கறவங்க. இவங்க முகத்தைப் பாத்தா ஒன்றரைக் கோடிக்கு இரும்பு விக்கற ஆளாட்டமா இருக்கு?" என்றேன்.

"மேடம், நான் முகத்தப் பாத்து வேலை செய்ய முடியாது. சிஸ்டத்துல இருக்கறதத்தான் பாக்க முடியும். இவங்க போனுக்கு வந்த ஓடிபியாலதானே பதிவு ஆகியிருக்கு?"

"பதிவு குடுக்கும்போது அந்தக் கொட்டகையை யாராவது போய்ப் பாத்தீங்களா? பஞ்சர் கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே!"

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைகளில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதிகாரி வயதில் சின்னவர். முகம் சிவந்துபோய், திரையை என் பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்க. எல்லா ஆவணமும் சரியா இருக்கு."

ஆதார், பான், போட்டோ. கடைசியாக வாடகை ஒப்பந்தம். தட்டச்சு செய்த பத்திரத்தில் தேதியும் முகவரியும் கையால் நிரப்பியிருந்தார்கள்.

அந்த எழுத்து எனக்குத் தெரியும். அரியலூர் ஆபீசில் என் பக்கத்து மேசையில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தவரின் எழுத்து. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் கோடு போடுவார். ழகரத்தின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுப்பார். அதைச் சொல்லி நாங்கள் கேலி செய்திருக்கிறோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நான் தனியாக ஆபீஸ் போட்டபோது மேசையை மாடிக்குத் தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவர். என்னிடம் இருந்த பழைய கம்ப்யூட்டர் கெட்டுப்போனபோது தன்னுடையதை ஒரு மாதம் கொடுத்து வைத்திருந்தார்.

இட்லிக் கடைக்காரரை பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் அந்தப் பக்கத்து மேசைக்காரரின் ஆபீசுக்குப் போனேன். புது ஆபீஸ். கண்ணாடிக் கதவு, ஏசி, கம்ப்யூட்டரில் மூன்று பெண்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாம்மா, வா. என்ன திடீர்னு? டீ சொல்லவா?"

"டீயெல்லாம் வேணாம்ணே. எறையூர்ல ஒரு இட்லிக் கடைக்காரம்மா பேர்ல இரும்பு கம்பெனி நடக்குது. வாடகைப் பத்திரத்துல ஒங்க எழுத்து இருக்கு."

அவர் அந்த மூன்று பெண்களையும் சாப்பிடப் போகச் சொன்னார். கதவு மூடியதும் கேட்டார். "யாருகிட்டயாவது சொன்னியா?"

அது பொய், எனக்குத் தெரியாது என்று அவர் சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவர் மறுக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்கு முழுதாகக் கோபம் வந்தது.

"எப்டிண்ணே மனசு வந்துச்சு?"

"ஒக்காரு, சொல்றேன். நான் பில் போடறவன் இல்ல. பார்ட்டி கேட்டாங்க, ரிஜிஸ்டர் பண்ணிக் குடுத்தேன், அவ்ளோதான். எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். அந்தம்மா கையில இருந்து யாராவது ஒத்த ரூவா எடுத்தமா?"

"மாசம் ஆயிரம் எடுத்துட்டீங்களே."

அவருக்கு அது புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"சரி விடு. அந்தம்மாவுக்கு இருவதாயிரம் வாங்கித் தரச் சொல்றேன். நீ அவங்க பேர்ல ஒரு கேன்சல் அப்ளிகேஷன் போட்டுடு. வியாபாரம் சரியில்ல, மூடிட்டேன்னு எழுதிடு. கதை முடிஞ்சுது."

இந்த இடத்தை வரித் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். வியாபாரத்தை மூடிவிட்டேன் என்று விண்ணப்பம் கொடுத்தால், அந்த வியாபாரம் என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். பதிவு ரத்தாகும், பழைய வரி ரத்தாகாது. முப்பத்தோரு லட்சமும் வட்டியும் அபராதமும் அந்தப் பெண்ணின் தலையில் அவர் கையெழுத்தோடு உட்கார்ந்துகொள்ளும். இந்தப் பதிவே மோசடி, முதல் நாளிலிருந்தே செல்லாது என்று புகார் கொடுப்பதுதான் ஒரே வழி. இது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டார். என்னையே வைத்து அந்தப் பெண்ணை இன்னொரு முறை ஏமாற்றப் பார்த்தார்.

"நீங்க படிச்ச படிப்பெல்லாம் இதுக்குத்தானா?" என்றேன். அதற்கு மேல் சொன்னவற்றை எழுத முடியாது. அப்படிப்பட்ட வார்த்தைகள் எனக்குத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் இட்லிக் கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபதாயிரத்தைப் பற்றியும் சொன்னேன். மறைக்க எனக்கு உரிமை இல்லை. மறுநாள் அவரும் அவர் வீட்டுக்காரரும் சேர்ந்து வந்தார்கள். வீட்டுக்காரர் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர்.

"மேடம், கோர்ட்டு கச்சேரின்னு அலைய எங்களால ஆவாதுங்க. ரெண்டு நாள் கடை மூடுனா அரிசிக்காரனுக்குப் பதில் சொல்ல முடியாது. அந்த இருவதை வாங்கிக் குடுத்துடுங்க" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? நான் கணக்கைப் போட்டுக் காட்டுவதற்கு முன்பே அந்தப் பெண் பேசினார்.

"அந்தப் பணத்தை வாங்குனா நான் இரும்பு வித்தவளா ஆயிடுவேன். மேடம் சொன்னாங்கள்ல? நாளைக்கு நம்ம பொண்ணுக்கு லோன் கேட்டாலும் இதுதான் நிக்கும். நான் விக்கறது இட்லி. அதைத்தான் எழுதணும்."

புகார் எழுதினோம். தளத்தில் ஒன்று, வரி அலுவலகத்துக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று. போலீஸ் புகாரில் பக்கத்து மேசைக்காரரின் பெயரை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே போன்கள் வர ஆரம்பித்தன. எங்கள் தொழிலில் இருக்கிற மூத்தவர் ஒருவர், "நம்ம ஆளை நாமளே காட்டிக் குடுக்கலாமாம்மா? அவருக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு" என்றார். மண்டியில் இரண்டு பேர் கணக்கை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஏன் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேர்மை என்று சுவரில் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிற ஆபீஸ்கள் எனக்கு நிறையத் தெரியும். அவற்றில் ஒன்றிலிருந்து கூட ஒரு போன் வரவில்லை.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதே சின்ன வயது அதிகாரி, பக்கத்தில் அவருடைய மேலதிகாரி ஒரு அம்மாள். போகிற வழியில், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று சொல்லி அழைத்துப் போயிருந்தேன்.

"ஆதார் குடுத்ததுக்குப் பணம் எதுவும் வாங்குனீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"வாங்குனேங்க" என்றார் இவர்.

என்னிடம் அதுவரை சொல்லவே இல்லை. காசு வாங்கிக்கொண்டு கார்டைக் கொடுத்தவர் என்று எழுதிவிட்டால் கேஸே தலைகீழாகிவிடும்.

"ஆயிரத்தஞ்சூறு ரூவாங்க. லோன்ல கழிச்சுக்கறோம், மொத தவணைன்னு சொன்னாங்க. வாங்கி கேஸ் சிலிண்டர் எடுத்தேன். மேடம்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, சொல்லல. பொய் சொல்ல வேணாம்னு இப்ப சொல்றேன்."

"கையில குடுத்தாங்களா?"

"இல்லங்க. பேங்க்ல போட்டாங்க."

நான் அவருடைய மஞ்சள் பையை வாங்கி பாஸ்புக்கைத் தேடினேன். ஒருவழியாக அந்த வரி கிடைத்தது. ஆயிரத்து ஐந்நூறு, அனுப்பியவர் பெயரோடு. பக்கத்து மேசைக்காரரின் மச்சான் பெயர் அது. அந்த மச்சான் கல்யாணத்துக்கு நான் போய் மொய் வைத்திருக்கிறேன்.

அது யார் என்று நான் சொன்னதும், மேலதிகாரி அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். பிறகு இட்லிக் கடைக்காரரைப் பார்த்து, "உக்காருங்கம்மா" என்றார். அந்த ஆபீசில் அவரை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகும் பதினோரு மாதம் ஆனது. எத்தனையோ முறை அரியலூருக்குப் போய் வந்தோம். ஒவ்வொரு முறையும் விடியற்காலை வியாபாரத்தை முடித்துவிட்டு, சட்டினி வாசனையோடு பஸ் ஏறி வருவார். ஃபைல் மேலே போயிருக்கிறது, அதிகாரி மாற்றலாகிவிட்டார், கொட்டகை உரிமையாளர் வாக்குமூலம் தரவில்லை என்று ஏதாவது ஒன்று. கடைசியில் உத்தரவு வந்தது. பதிவு, எடுத்த நாளிலிருந்தே ரத்து. வரிக் கோரிக்கை அவர் பேரில் நிலுவையில் இல்லை. நான் அதைப் படித்துச் சொன்னபோது, "எழுத்துல இருக்குல்ல மேடம்? அப்ப ரெண்டு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க" என்றார். அவ்வளவுதான். மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகைக்கு மேல்முறையீடு போட்டு, அதுவும் திரும்ப வர ஆரம்பித்தது. நின்றுபோயிருந்த மாதங்களுக்கு ஒரு பைசா இல்லை. அது யாருடைய தவறு என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

பக்கத்து மேசைக்காரர் முன்ஜாமீன் வாங்கிவிட்டார். வழக்கு நடக்கிறது என்கிறார்கள். கண்ணாடிக் கதவு ஆபீஸ் அப்படியே இருக்கிறது. அந்த பில்களை வாங்கி வரியைக் குறைத்துக்கொண்ட வியாபாரிகள் யார், அவர்கள் கட்டினார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், அது வேறு ஊர் ஆபீஸ் பார்க்கிறது என்பார்கள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பதில் சொல்ல ஒரு பெண்ணைப் பதினோரு மாதம் அலையவிட்டவர்களுக்கு, முப்பத்தோரு லட்சத்தைத் தின்றவனின் வீட்டு வாசல் தெரியவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு ஊருக்குப் போகிறேன். எறையூர் போனேன், திருமானூர் போனேன். டீக்கடையிலோ கோயில் வாசலிலோ உட்காருவேன். வருகிறவர்களின் பான் எண்ணைப் போட்டு, அவர்கள் பெயரில் ஏதாவது கம்பெனி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வேன். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது, ஜெராக்ஸ் கொடுத்தால் குறுக்கே கோடு போட்டு எதற்குக் கொடுக்கிறோம் என்று எழுதித் தேதி போட வேண்டும், புரியாத மெசேஜை அழிக்கக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். கடைசியாகச் சொன்னதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கூட்டம் இருந்தாலும் இப்போதெல்லாம் போனை முழுதாகப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறேன்.

எறையூரில் உட்கார்ந்த அன்று, அதே தெருவில் இன்னும் இரண்டு பேருடைய பெயரில் கம்பெனி வந்தது. ஒருவர் ஆடு மேய்க்கிறவர். இன்னொருவர் ஆலையில் மூட்டை தூக்கிவிட்டு இப்போது முதுகு வலியோடு வீட்டில் இருப்பவர். இரண்டு பேரிடமும் வந்தது அதே பைக்காரன், அதே லோன் கதை. ஆடு மேய்க்கிறவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்துபோய், புகாருக்கு வேண்டிய வெள்ளைத் தாளைப் பக்கத்துக் கடையில் வாங்கி வந்தேன். கடைக்காரர் மிச்சம் கொடுத்ததைக்கூட எண்ணாமல் வந்திருக்கிறேன். அவ்வளவு கோபம்.